முன்சக்கரம் இழுக்குமா?

நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் நின்றன. ஜீப்பை நான்கு மூலையிலும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார் தவசிமுத்து.

எஞ்சினை ஓடவிட்டதும் பின்சக்கரங்கள் இரண்டும் சுற்றின. கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இருந்த இன்னொரு லீவரை அவர் இழுத்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். முன்சக்கரங்களும் சுற்ற ஆரம்பித்தன.

"சுத்துது அண்ணாச்சி!" என்று கத்தினான் ஜீப் முதலாளியின் டிரைவர் மாரிசாமி. "நாலும் சுத்துது! எங்க ஆத்தா சத்தியமா, முன்சக்கரம் தன்னால சுத்தி இன்னைக்குத்தான் பாக்கேன்."

"நானும் இன்னைக்குத்தாம்லே பாக்கேன்" என்றார் தவசிமுத்து.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். முழங்கால் வலிதான் வந்தது. கார்த்திகையில் தொடங்கிய வேலை. இப்போது சித்திரை வெயில் ஷெட்டின் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

ராஜபாளையத்தில் ஜீப் என்றால் தவசிமுத்துதான். தென்காசி ரோட்டில் அவர் ஷெட்டுக்கு வராத ஜீப் கிடையாது. எல்லாமே ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள். ஊருக்கு வரும்போது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாகத்தான் வரும். வந்த மறுநாளே முதலாளி அதை ஷெட்டுக்கு ஓட்டி வருவார். "முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டைக் கழட்டு தவசி. நாலும் இழுத்தா எண்ணெயைக் குடிச்சுத் தீத்துரும்" என்பார்.

இது ஊர் முழுக்க இருந்த நம்பிக்கை. தவசிமுத்துவும் கழற்றுவார். முன்ஷாஃப்ட் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும். பிறகு அதே ஜீப் மாந்தோப்புக்குப் போகிற வழியில் ஆற்று மணலில் புதைந்து நிற்கும். ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்துக் கரையேற்றுவார்கள். இருபது வருஷமாக இதுதான் நடந்தது.

சுப்புராஜ் முதலாளிக்குக் காயத்துக்குக் கட்டுகிற மருந்துத்துணி நெய்கிற ஃபேக்டரி இருந்தது. அதன் குடோன் மூலையில் அவருடைய அப்பா வாங்கிப்போட்ட வில்லீஸ் ஜீப் ஒன்று கிடந்தது. ஸீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்தது. அந்த ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து, "இதைப் புதுசாக்கித் தா" என்றார். "பெட்ரோல் எஞ்சின் வேண்டாம், டீசல் வை. ரோட்டுல பஸ்ஸை முந்தணும். தோப்புக்கும் போகணும்."

தவசிமுத்து அப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முன்ஷாஃப்டை மட்டும் கழட்டச் சொல்லக் கூடாது மொதலாளி."

சுப்புராஜ் சிரித்துவிட்டார். "உனக்கு என்னய்யா அதுல அம்புட்டு ஆசை? சரி, வச்சுக்கோ."

ஆசைதான். சேத்தூரில் மனைவி இசக்கியம்மாளின் தம்பிக்குத் தென்னந்தோப்பு இருந்தது. பம்புசெட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்று மைத்துனர் கூப்பிட்டிருந்தார். "இந்த வண்டிதான் கடைசி" என்று இசக்கியம்மாளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. போவதற்கு முன்னால் ஒரு ஜீப்பாவது, தன் கையால் முடித்த ஒரே ஒரு ஜீப்பாவது, நான்கு சக்கரத்தாலும் இழுத்து ஆற்றைத் தாண்டுவதைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அதற்காகத் துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். ஒரு பழைய டாக்ஸியிலிருந்து டீசல் எஞ்சின் வாங்கி, அது உட்காருவதற்கு இடம் செய்தார். ரோட்டில் வேகம் கிடைக்கப் பின் அச்சில் இருந்த கிரவுன், பினியன் என்கிற பல்சக்கர ஜோடியை மாற்றினார். டீசலுக்கு மாறுகிற எல்லா ஜீப்புக்கும் அவர் செய்கிற வேலைதான் அது. கடைசியாக, தன் குவியலிலேயே தேடி ஒரு முன்ஷாஃப்டை எடுத்துக் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சுப்புராஜ்.

"என்னய்யா தவசி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மொதலாளி. நாளைக்கு ஆத்துப்பக்கம் ஓட்டிப் பாத்துருவோம்."

"நல்லதாப் போச்சு" என்றார் சுப்புராஜ். "பிரிச்சுப் போடு."

தவசிமுத்துவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றாறாம் வருஷத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஜீப் எதைக் கண்டாலும் அதிகாரிகள் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். போன வண்டி எப்போது திரும்பும், எந்த நிலையில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேர்தல் வந்தால் ஊரில் உள்ள ஜீப்பெல்லாம் ஷெட்டில் படுத்துவிடும். எஞ்சினை இறக்கிவிட்டால் யாரும் எடுத்துப்போக முடியாது. தவசிமுத்துவின் ஷெட்டிலேயே அப்படி மூன்று ஜீப்புகள் குடலைத் தரையில் பரப்பிவிட்டுக் கிடந்தன. மூன்றிலும் ஒரு குறையும் இல்லை.

"மாங்கா இறங்குற நேரம். வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான்னா என் சப்பட்டை மாங்கா அம்புட்டும் தோப்புலயே அழுகிரும். எஞ்சினை இறக்கு" என்றார் சுப்புராஜ்.

"இப்பத்தான் மொதலாளி உக்கார வச்சேன். அந்த எஞ்சின் நேரா உக்காரதுக்குள்ள என் இடுப்பு போயிட்டு."

"அப்போ வேற எதையாவது கழட்டு. பாத்தா சீக்காளி மாதிரி இருக்கணும்."

கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. கடைசியில் எஞ்சின் தப்பித்தது. நான்கு சக்கரங்களையும் கழற்றி மறைத்துவிட்டு வண்டியைக் கட்டைமேல் நிறுத்துவது என்று முடிவானது. மாரிசாமி சக்கரங்களை உருட்டிக்கொண்டு போனான். "இதுக்குத்தான் சுத்துச்சா?" என்று போகிறபோக்கில் கேட்டான்.

மறுநாள் மத்தியானம் வருவாய் ஆய்வாளர் செல்லத்தாய் வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் அலைந்து முகம் கறுத்துப்போயிருந்தது. ஷெட்டுக்குள் கிடந்த நான்கு ஜீப்புகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, நாலுக்கும் ஒரே நாள்ல வயித்தால போச்சா?"

மாரிசாமி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"வயசான வண்டிங்க மேடம்" என்றார் தவசிமுத்து.

"எலெக்சன் வந்தாத்தான் வயசாகும் போல." அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு அதே ஆயில் டின்னில் உட்கார்ந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் பாத்தாச்சு. இங்கயும் பாத்தாச்சு. எல்லா ஷெட்டுலயும் இதே ஆஸ்பத்திரிதான். உங்க மேல வருத்தமில்ல. கூமாப்பட்டிக்கு மேல, ஆத்துக்கு அந்தப் பக்கம் மலையடியில ஒரு பூத் இருக்கு. போன தடவை ஜீப்பு மணல்ல புதைஞ்சு, பெட்டியைத் தலையில தூக்கிட்டு வாத்தியார்மாரு கழுத்தளவு தண்ணியில வந்தாவ. இந்தத் தடவையும் என்னையத்தான் அங்க போட்டிருக்காவ. எனக்கு நீச்சல் தெரியாது."

தவசிமுத்துவின் கண் கட்டைமேல் நின்ற ஜீப்புக்குப் போனது.

"முன்சக்கரமும் இழுக்குற ஜீப்பு ஒண்ணு கிடைச்சாப் போதும்னாவ. அப்படி ஒண்ணு இந்த ஊர்ல இருக்கா அண்ணாச்சி?"

மாரிசாமி அவசரமாக, "இல்ல மேடம்" என்றான்.

தவசிமுத்து சுப்புராஜை நினைத்துப் பார்த்தார். அவர் தோப்புக்குப் போகிற வழியில் மாரிசாமி அந்தக் குட்டை லீவரைத் தொடவே போவதில்லை. எண்ணெய் செலவாகிவிடும் என்று முதலாளி தொடவிடவும் மாட்டார். ஆறு, மணல், எதிர்க்கரை ஏற்றம்... இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை.

"இருக்கு" என்றார். "இந்தா நிக்கிதே, இதுதான். சக்கரத்தை மாட்டினா ஓடும்."

செல்லத்தாய் சிரிக்கவில்லை. நன்றி சொல்வதற்குக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஜீப்பை எடுக்கிற உத்தரவு சாயங்காலமே சுப்புராஜின் வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த கால்மணியில் அவர் ஷெட்டில் இருந்தார்.

"உன்னை நம்பித்தானய்யா விட்டேன். நீயே பிடிச்சுக் குடுத்துட்டியே!"

"நான் கூடவே போறேன் மொதலாளி. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆச்சுன்னா?"

"ஆகாது" என்று மறுபடியும் சொன்னார் தவசிமுத்து.

தேர்தலுக்கு முந்தின நாள் ஓட்டுப்பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. தார் ரோட்டில் அது பஸ்ஸை முந்தியது. மாரிசாமி விசிலடித்தான். தவசிமுத்து பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி வந்தார். தார் ரோட்டில் நான்கு சக்கர லீவரைப் போடக் கூடாது, கெட்டித் தரையில் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். அதனால் அதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. ஆறு வரட்டும் என்று காத்திருந்தார்.

ஆறு வந்தது. தண்ணீர் கணுக்காலுக்கும் கீழே கிடந்தது.

"லீவரை இழுலே" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? ஆட்டுக்குட்டி தாண்டுற தண்ணி!" மாரிசாமி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். ஜீப் சளசளவென்று நீரை அடித்துக்கொண்டு பின்சக்கரத்தாலேயே அக்கரை ஏறிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தவசிமுத்து மட்டும் தட்டவில்லை.

மறுநாள் ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது. சனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் மலை கறுத்தது. அங்கே மேலே எங்கேயோ கோடை மழை இடியோடு கொட்டுவது தெரிந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டிக்கு அரக்கு வைத்து முடித்தபோது ஆற்றின் சத்தம் பூத் இருந்த பள்ளிக்கூடத்தின் வாசல் வரைக்கும் கேட்டது.

கரைக்கு வந்து பார்த்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடியது.

"இன்னும் ஏறும்" என்றார் தலைமை அதிகாரியாக வந்திருந்த வாத்தியார். "இப்ப போகலைன்னா விடிஞ்சுதான் போகணும். பெட்டி போய்ச் சேரலைன்னா என் வேலை போயிரும்."

செல்லத்தாய் தவசிமுத்துவைப் பார்த்தார். "அண்ணாச்சி, முன்சக்கரம் இழுக்குமா?"

"இழுக்கும் மேடம். ஏறி உக்காருங்க."

முதலில் மாரிசாமி பழக்கத்தில் பின்சக்கரத்தாலேயே இறக்கினான். பாதி ஆற்றில் ஜீப் நின்றது. பின்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போயின. தரைத்தகட்டின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. செல்லத்தாய் ஓட்டுப்பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார்.

"மிதிக்காத! மிதிக்காதலே! கிளட்ச்சை அமுக்கு" என்று தவசிமுத்து கத்தினார். முன்னால் எக்கி, தன் கையாலேயே குட்டை லீவரை இழுத்தார். "இப்ப விடு. மெதுவா."

ஜீப் ஒருமுறை குலுங்கியது. முன்சக்கரங்கள் மணலைக் கவ்வின.

நகர்ந்தது.

விரல் விரலாக, பிறகு அடி அடியாக. தண்ணீர் பக்கவாட்டில் மோதி பானெட் மேல் தெறித்தது. மாரிசாமி, "ஆத்தா... ஆத்தா..." என்று முனகிக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். முன்பக்கம் கரையில் ஏறித் தூக்கியது. தவசிமுத்து வெளியே எட்டி முன்சக்கரத்தைப் பார்த்தார். சேற்றைப் பிசைந்துகொண்டு, வண்டியை இழுத்துக்கொண்டு, அது தன்னால் சுற்றியது. இருபது வருஷம் காத்திருந்து பார்க்கிற காட்சி. ஆனால் வண்டிக்குள் ஏதோ ஒரு முக்கல் சத்தம் கேட்டது. அது இருக்கக் கூடாத சத்தம்.

கரைக்கு மேலே பாறைத்தளம். நான்கு சக்கரமும் பாறையில் ஏறியதும் ஜீப் திணறியது. பிரேக் போட்டதுபோல இழுத்துப் பிடித்தது.

"நிறுத்துலே!" என்று தவசிமுத்து சொல்லி முடிப்பதற்குள் அடியில் 'டமார்' என்று வெடித்தது.

எல்லோரும் கீழே குதித்தார்கள். பெட்டிகள் பத்திரமாக இருந்தன. ஆறு பின்னால் இரைந்தது. வாத்தியார் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார். செல்லத்தாய் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே, "தாண்டிட்டோம் அண்ணாச்சி" என்றார். முதல் தடவையாக அவர் முகம் சிரித்தது.

தவசிமுத்து அதற்குள் ஜீப்புக்கு அடியில் போயிருந்தார்.

முன்ஷாஃப்டின் மூட்டு இரண்டாகப் பிளந்து தொங்கியது. அதைக் கையில் பிடித்தபடி மல்லாந்து கிடந்தார். பின் அச்சைப் பார்த்தார். முன் அச்சைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" மாரிசாமி குனிந்து கேட்டான்.

"பின்னாடி வேகத்துக்குப் புது கிரவுன் வச்சேன்லா. முன்னாடி பழசு அப்படியே இருக்கு. பின்சக்கரம் 'ஓடு'ங்குது, முன்சக்கரம் 'நிதானமா வா'ங்குது. சேத்துல வழுக்கிட்டு வந்துட்டு. பாறையில வழுக்க இடமில்ல, முறுக்கிட்டு ஒடைஞ்சுட்டு."

"கெழட்டு மாட்டையும் துள்ளுக்கன்னையும் ஒரே நுகத்துல பூட்டுன கதை."

"அதேதான்."

"நீங்க இதை யோசிக்கலையா அண்ணாச்சி?"

"யோசிக்கலைலே." தவசிமுத்துவின் குரல் அடியிலிருந்து வந்தது. "எத்தனை வண்டிக்குப் பின்னாடி மட்டும் மாத்தியிருக்கேன். முன்னாடிதான் ஒண்ணுமே இருக்காதே. இதுல இருக்குங்குறதே கைக்கு மறந்துட்டு. கட்டையில தூக்கி வச்சுப் பாத்தேன், நாலும் சுத்துச்சு. எது முந்திச் சுத்துது, எது பிந்திச் சுத்துதுன்னு பாக்கலை. ஸ்பேனரைக் குடு."

படுத்த நிலையில் நட்டுகளைக் கழற்றினார். அந்த வேலைக்கு அவர் கண்ணே தேவையில்லை. அத்தனை தடவை கழற்றிப் பழகிய கை. ஷாஃப்ட் மார்பின் மேல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்துக்கொண்டு கிடந்தார்.

"வண்டி ஓடுமா?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஓடும் சார். பின்சக்கரத்துல ஓடும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்டிகளை ஒப்படைக்கிற வரிசை நீளமாக இருந்தது. தவசிமுத்து ஒரு வேப்பமரத்தடியில் ஷாஃப்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார். காலையில் கண் விழித்தபோது சுப்புராஜ் ஜீப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பெயின்டைத் தடவிப் பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார்.

"ஓடுதா தவசி?"

"முன்ஷாஃப்ட் ஒடைஞ்சுட்டு மொதலாளி. என் தப்பு. முன் அச்சுக்கும் கிரவுன் மாத்தியிருக்கணும். வண்டியை விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தாரேன்."

"பின்சக்கரம்?"

"அது ஓடும்."

"அப்பொறம் என்னய்யா!" சுப்புராஜின் முகம் விரிந்தது. "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். ஊர்ல எல்லா ஜீப்பும் அப்படித்தான ஓடுது? ஏலே மாரிசாமி, எடு வண்டியை. தோப்புல ஆளு காத்துக் கெடக்கு."

"மொதலாளி, இன்னும் வேலை முடியலை."

"எனக்கு முடிஞ்சுது தவசி. அருமையாப் பண்ணிட்ட. மாங்கா சீசன் போகட்டும், பொறவு பாக்கலாம்."

மாரிசாமி ஒருமுறை தவசிமுத்துவைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். ஜீப் புகை விட்டுக்கொண்டு கிளம்பிப் போனது. எஞ்சின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

செல்லத்தாய் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். ஒன்றை நீட்டினார். "உங்களைக் கொண்டுபோய் விட வண்டி இல்ல அண்ணாச்சி. எல்லா வண்டியும் அதுக்குள்ள பறந்துட்டு."

"பஸ் இருக்கு மேடம்."

"நேத்து நாங்க கரை ஏறினது உங்களாலதான்."

தவசிமுத்து டீயைக் குடித்தார். செல்லத்தாய் சொல்வது உண்மைதான் என்று தெரிந்தது. உடைந்ததும் தன்னால்தான் என்பதும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்க முடியாமல் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷாஃப்டைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். "என்ன அண்ணாச்சி, பீரங்கியா? லக்கேஜ் போடணும்."

"போடு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில் தொழிலாளி, சேற்றையும் கிரீஸையும் பார்த்துவிட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். "பழைய இரும்புக்கா?"

"இல்லய்யா. மாட்டணும்."

சொன்ன பிறகுதான் தவசிமுத்துவுக்கே அது தெரிந்தது. மாங்காய்க் காலம் முடிந்து ஜீப் திரும்பி வர ஆடி ஆகிவிடும். முன் அச்சுக்குப் பொருத்தமான கிரவுன் தேட வேண்டும். அதுவரை ஷெட்டைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும். இசக்கியம்மாள் சேத்தூருக்குப் பாத்திரமெல்லாம் கட்டி வைத்துவிட்டாள். அவளிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

ஷாஃப்டை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.